பதின்மூன்றாவது ஆம்ப்ளிஃபயர்

மாநாட்டு மண்டபத்தின் ஒலிக் கட்டுப்பாட்டு அறையில், மழை தொடங்கிய வாரத்தில், ஆபரேட்டரின் அம்மா பதின்மூன்றாவது ஆம்ப்ளிஃபயராகத் திரையில் வந்து சேர்ந்தாள். அதுவரை பன்னிரண்டுதான். அரங்குக்கு ஒன்று வீதம், பூட்டிய அறைகளில் இருந்த அவற்றை, உட்கார்ந்த இடத்திலிருந்தே போடவும் அணைக்கவும், சூடு ஏறுகிறதா என்று பார்க்கவும் ஆபரேட்டரான மகளுக்குச் சம்பளம். திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி: பச்சை என்றால் ஓடுகிறது, மஞ்சள் என்றால் ஓய்வு, சிவப்பு என்றால் கோளாறு. புதிய பெட்டிக்குப் பெயர் இல்லை. ஆனால் அதில் சூடு ஏறும்போதெல்லாம் போன் செய்தால், அம்மா கீழ்வீட்டுக்காரரோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் இருந்தாள். மகள் மேலாளரிடம் சொன்னாள். "கூடுதலா கரண்ட் இழுக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "அப்போ இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார்.

அம்மா நகரத்தின் மறுகோடியில், மூன்றாம் மாடியில் தனியாக இருந்தாள். முன்பு வாராவாரம் இரண்டு பேருந்து மாறிப் போய்க்கொண்டிருந்த மகள், பெட்டி வந்தபின் மாதம் ஒருமுறை போனாள், பிறகு அதுவும் நின்றது. பச்சையாகத்தான் இருக்கிறாளே, போய் என்ன செய்வது? சரி, நிம்மதியாவது வந்ததா என்றால் அதுதான் இல்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்து வந்து பார்ப்பாள். யாராவது பேசினால் தலையை ஆட்டிக்கொண்டே கண்ணைத் திரையில் வைத்திருப்பாள். தூக்கம் வரவில்லை என்று அம்மா போனில் புலம்பினால் பெட்டியிலிருந்த பொத்தானைத் தட்டி மஞ்சளாக்குவாள், மறுமுனையில் குறட்டை கேட்கும். இது அம்மாவுக்கும் தெரிந்துபோனது. "ஏண்டி, சீரியல் பாக்கறப்ப என்னை அணைக்காதே. கொலை பண்ணது யாருன்னே தெரியாம போச்சு" என்று ஒருநாள் எரிந்து விழுந்தாள்.

பெட்டி வந்தபின் முதல் நீண்ட விடுமுறைக்கு மண்டபம் மூடிய மாலை, விடுமுறைதோறும் செய்வதுபோல மகள் 'அனைத்தையும் அணை' என்ற ஒற்றைப் பொத்தானைத் தட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அது அனைத்தையும் அணைத்தது. விடுமுறை முழுக்க அம்மா போனை எடுக்கவில்லை. கோபம் போல என்று மகளும் வீம்பாக இருந்தாள், ஆனாலும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். மண்டபம் திறந்ததும் பன்னிரண்டு பெட்டிகளும் பச்சையாயின. பதின்மூன்று மஞ்சளிலேயே நின்றது. தட்டினாள், மறுபடி தட்டினாள். 'பதில் இல்லை' என்றது திரை. தூரத்திலிருந்து எழாத பெட்டியை நேரில் போய்க் கையால்தான் போட வேண்டும், அந்தத் தொழிலில் வேறு வழி கிடையாது.

மாற்றுச் சாவியோடு கீழ்வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். "சத்தமே இல்லாம இருந்துச்சு. நிம்மதியா இருந்ததால நானும் கேக்கலை" என்றார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கூந்தலில் பாதி வாரிய சீப்பு அப்படியே நின்றது. மேலே மெல்லிய தூசி. உடம்பு சில்லென்று இருந்தது. மகள் கழுத்தில், மணிக்கட்டில், காதுக்குப் பின்னால் எல்லாம் பொத்தானைத் தேடினாள். கிடைக்கவில்லை. "அம்மா, வந்துட்டேன்மா, பாரும்மா" என்று மடியில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதாள். மெதுவாக மடியில் சூடு ஏறியது. சீப்பு மீதிக் கூந்தலையும் வாரி முடித்தது.

"எப்ப வந்தே? இப்படி இளைச்சுப் போயிருக்கியே" என்றாள் அம்மா. நடந்ததைக் கேட்டுவிட்டு, "பாக்கணும்னா பாத்துக்கோ. சுவிட்சுல மட்டும் இனிமே கை வெக்காதே" என்றாள். மறுநாள் திரையில் பெட்டி பச்சையாக இருந்தது, அதிலிருந்த பொத்தானைக் காணோம்.

ஆண்டுச் சோதனைக்கு வந்த பொறியாளர் எண்ணிப் பார்த்தார். "பன்னிரண்டுன்னுதானே சொன்னீங்க?"

"கடைசியா இருக்கறது எங்க அம்மா."

அவர் குறித்துக்கொண்டார். பிறகு திரையை உற்றுப் பார்த்து, "சூடு கொஞ்சம் ஏறிக்கிட்டே போகுதே, கோளாறா?" என்றார்.

"கோளாறு இல்லை சார், இந்த வாரம் நான் இன்னும் போகலை" என்று சொல்லி மகள் பையை எடுத்துக்கொண்டாள்.