நாவலேரிக்கு ஒரு கோடு

அங்கமுத்துவுக்குச் சர்க்கார் கொடுத்த பட்டம் புள்ளிவிவர உதவியாளர். ஆபீசில் எல்லோரும் அவரைக் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசி போடத் தெரியாது, மாத்திரை கொடுக்கத் தெரியாது, சுகாதார ஆபீசில் இந்த மனுஷனுக்கு என்ன வேலை என்று பியூன் முதற்கொண்டு கேலி பேசினார்கள். அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான். அரியலூர்ப் பக்கமும் பெரம்பலூர்ப் பக்கமும் கோடை வந்தால் கூடவே வாந்திபேதியும் வரும். பிள்ளைகள் சாகும். செத்த பிறகு ஊர் ஊராகப் போய்க் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் எந்த ஊர்க்காரர்கள் வந்து சேர்கிறார்கள் என்று அன்றன்றைக்கே பார்த்துவிட்டால், எந்தக் கிணறு கெட்டிருக்கிறது என்று நாலு சாவுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும் என்பது அவருடைய கட்சி.

சொல்வது சுலபம். ஆஸ்பத்திரி ஒரு இலாகா, சுகாதாரம் வேறு இலாகா. அரியலூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. பெயரைச் சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கள் ரிஜிஸ்தரைப் பார்க்க நீ யார் என்று அங்கே கேட்டார்கள். அங்கமுத்து எழுதினார், நடந்தார், மறுபடியும் எழுதினார். கடைசியில் அவருடைய அதிகாரி டாக்டர் நடராசன் திருச்சிக்குப் போய்ச் சண்டை போட்டு உத்தரவு வாங்கிவந்தார். எழுபத்தொன்பதாம் வருஷம் பங்குனியில் அங்கமுத்துவுக்கு ஆஸ்பத்திரி ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் கிடைத்தது.

ரிஜிஸ்தரில் அதுவரை பெயரும் வயதும் தகப்பன் பெயரும்தான் இருந்தன. அதில் 'ஊர்' என்று ஒரு கட்டம் போடவைத்தவர் அங்கமுத்துதான். சீட்டு எழுதும் குமாஸ்தா உத்திராபதி கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு, பிறகு வருகிறவர்களையெல்லாம் "எந்த ஊரு?" என்று கேட்டு எழுத ஆரம்பித்தார். அங்கமுத்து தினமும் முதல் பஸ்ஸில் வருவார். புதிதாகச் சேர்ந்தவர்களின் வரிகளைப் பார்த்துத் தன் தாளில் அந்தந்த ஊருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போடுவார். வார்டுப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததில்லை. அந்த வாடை அவருக்கு ஆகாது. தவிரவும், தனக்கு வேண்டியதெல்லாம் ஜன்னலிலேயே கிடைத்துவிடுகிறது என்று நினைத்தார்.

சித்திரை பிறந்ததும் பேதி வந்தது. பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். ஆனால் கோடுகள் ஓரிடத்தில் சேரவில்லை. ரஞ்சன்குடிக்கு ஒன்று, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒன்று, ஏலாக்குறிச்சிக்கு ஒன்று என்று மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. நடராசன் அந்த ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பிப் பார்த்தார். எங்கேயும் பேதி இல்லை, கிணறுகள் சுத்தமாக இருந்தன. ரஞ்சன்குடிக்காரர்கள் பெரம்பலூரைத் தாண்டி இவ்வளவு தூரம் ஏன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று அங்கமுத்துவுக்கு ஒருதரம் தோன்றத்தான் செய்தது. இங்கே வந்திருக்கும் புது டாக்டர் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அவர் மனைவி செங்கமலத்துக்கு நாவலேரி பிறந்த ஊர். அங்கே மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களெல்லாம் பள்ளிக்கூடம் விட்ட கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தார்கள். செங்கமலம் மட்டும் அரியலூரில் புருஷன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேதிக் காலத்தில் எங்கேயும் அசையக்கூடாது என்று அவர் நிறுத்தி வைத்திருந்தார். மகள் கொளஞ்சிக்கு ஆறு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் வேண்டாத சாமியெல்லாம் வேண்டிப் பெற்ற ஒரே பிள்ளை. தேர் பார்க்கவேண்டும் என்று அவள் சோறு தின்னாமல் அழுதாள்.

மறுநாள் அங்கமுத்து தன் தாளை ஒருதரத்துக்கு இரண்டுதரம் பார்த்தார். நாவலேரிக்கு நேரே ஒரு கோடு கூட இல்லை. சுற்று வட்டாரத்திலேயே அவ்வளவு சுத்தமான ஊர் வேறில்லை.

"நாவலேரியில ஒரு கேஸ் கூட இல்ல. நான் பாத்துட்டேன். பயப்படாம போயிட்டு வாங்க" என்றார். அவரே கூட்டிப்போய் டவுன் பஸ்ஸில் ஏற்றி விட்டார். ஜன்னல் வழியாக மகளின் கன்னத்தைக் கிள்ளி, தேர் அன்றைக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்.

தேருக்கு முந்தின நாள் காலை வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தார். விடியற்காலம் சேர்த்த ஒரு கேஸ் கடைசி வரியில் இருந்தது. அவர் எப்போதும் ஊர்க் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார். அரியலூர் என்று இருந்தது. அட, நம்ம ஊருக்கும் வந்துவிட்டதே என்று நினைத்தபடி அரியலூருக்கு நேரே ஒரு கோடு போட்டார். பிறகுதான் பெயரைப் பார்த்தார். கொளஞ்சியம்மாள், வயது ஆறு, தகப்பன் பெயர் அங்கமுத்து.

ஸ்டூல் விழுந்த சத்தம் உத்திராபதிக்குக் கேட்டது. என்ன சார் என்று அவர் எழுந்திருப்பதற்குள் அங்கமுத்து வார்டுக்குள் ஓடிவிட்டார். அவருக்குத் தகவல் சொல்ல அரியலூருக்குப் போயிருந்த மைத்துனன் அங்கே பூட்டின வீட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

கொளஞ்சியின் கண்கள் குழி விழுந்து போயிருந்தன. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா என்று கூப்பிட அவளுக்குக் குரல் எழவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அவர் அவள் காலைப் பிடித்தார். சில்லென்று இருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் செங்கமலத்தைச் சுற்றி மூன்று நாலு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து, "அழாத செங்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளாக அரியலூரில் யாரும் அவளைச் செங்கா என்று கூப்பிட்டதில்லை.

"இவங்கள்லாம் யாரு?" என்று கேட்டார்.

"எல்லாம் எங்க ஊருப் பொண்ணுங்கதாங்க. ஒண்ணாப் படிச்சோம். இருசம்மாளை ரஞ்சன்குடியில குடுத்திருக்கு, அவளை ஏலாக்குறிச்சியில."

அங்கமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருடைய தாளில் மூலைக்கு ஒன்றாகக் கிடந்த கோடுகள் எல்லாம் ஒரே கட்டிலைச் சுற்றி நின்றன. ஜன்னலில் என்ன சொன்னாய் என்று மனைவியைக் கேட்டார்.

"எந்த ஊருன்னு கேட்டாரு. நம்ம ஊரைச் சொன்னேன். கட்டிக்கிட்டுப் போன பொறவு வேற எந்த ஊரைங்க சொல்லுவேன்?"

நாவலேரிக்காரர்கள் ஒருவர்கூட ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று அவர் யாரையும் பார்க்காமல் கேட்டார். இருசம்மாள்தான் பதில் சொன்னாள்.

"காப்புக் கட்டியிருக்குல்ல மாமா. ஊருக்காரங்க எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாது. அங்கயும் வூட்டுக்கு வூடு பேதிதான், படுத்துக் கெடக்குறாங்க. வெளியூருக்குப் போன எங்களுக்குத் தடையில்ல. அதான் பக்கத்துல இருக்குற இந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தோம்."

நாவலேரி சுத்தமாக இல்லை. நாவலேரிதான் நாறிக் கிடந்தது. அதைச் சொல்ல அங்கிருந்து ஒருவரும் வரமுடியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் வேறு ஊரின் பெயரைச் சொன்னார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்கள்.

செங்கமலம் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"நீங்க பாத்துட்டுத்தானே போகச் சொன்னீங்க?"

 

அங்கமுத்து தன் ஆபீசுக்குப் போன் போடச் சொல்லி உத்திராபதியிடம் ஆளனுப்பினார். நடராசன் அப்போதே ஜீப்பை எடுத்துக்கொண்டு நாவலேரிக்குப் போனார். கோயில் கிணற்றிலிருந்துதான் நீர்மோர்ப் பந்தலுக்குத் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். அதை மூடினார். ஆஸ்பத்திரிக்கு வரமுடியாதவர்களுக்கு நாவலேரிப் பள்ளிக்கூடத்திலேயே கட்டில் போட்டு வைத்தியம் நடந்தது. அந்த வார்டில் கிடந்த மற்றப் பிள்ளைகள் பிழைத்தார்கள். இருசம்மாள் மகன் நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். கொளஞ்சி மட்டும் ஜீப் நாவலேரி எல்லையைத் தொடுவதற்கு முன்னால் போய்விட்டாள்.

காரியம் முடிந்து அங்கமுத்து வேலைக்கு வந்தார். பேதி அடங்கியிருந்தது. உத்திராபதி இப்போது, சீக்கு வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்றும் கேட்டு எழுதுகிறார். சென்னைக்கு அறிக்கை போகவேண்டும், வேறு யாரையாவது எழுதச் சொல்கிறேன் என்றார் நடராசன். வேண்டாம் சார், நானே எழுதுகிறேன் என்று தாளை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கோடாக அழித்து நாவலேரிக்கு நேரே போட்டார். ரஞ்சன்குடி காலியாயிற்று, ஏலாக்குறிச்சி காலியாயிற்று. கடைசியில் அரியலூருக்கு நேரே ஒன்று மட்டும் நின்றது. செங்கமலம் அடுப்படியிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் படிக்கத் தெரியும். அந்தக் கோடு யாருடையது என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அது இங்கயே இருந்துட்டுப் போவட்டும்ங்க" என்றாள்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அவருக்கும் இருந்தது. ஒரு கோடு இடம் மாறியிருப்பதைச் சென்னையில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள். ஆனால் நாவலேரி வரிசையில் அவளுடையதுதான் கடைசிக் கோடு. அதற்கு முன்னால் இருந்தவற்றில் பாதியாவது அந்தந்த நேரத்தில் அங்கே இருந்திருந்தால், அவர் மகளைப் பஸ் ஏற்றியிருக்கமாட்டார். அதை நினைத்தபோதுதான், செத்த அன்றைக்கு வராத அழுகை அவருக்கு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ரப்பரை எடுத்தார். செங்கமலம் எழுந்து உள்ளே போய்விட்டாள்.