நான்காவது கட்டடம்

தடுப்புக்காரனுக்குத் தன் வேலையில் ஒரு திமிர் உண்டு. எந்த அறையைக் காட்டினாலும் வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பான். டேப்பை எடுப்பதற்கு முன்பே, இதில் எத்தனை அறை விழும் என்று சொல்லிவிடுவான். சொன்னது தப்பாது. காலையில் ஒற்றை ஹாலாக இருந்தது, சாயங்காலம் அவன் டிரில்லைத் துடைத்துப் பைக்குள் வைக்கும்போது மூன்று கதவும் மூன்று பூட்டுமாக நிற்கும். அலுமினியச் சட்டம், இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை, மேலே ஒரு கை பெயிண்ட். தட்டினால் காலி டப்பா மாதிரி சத்தம் வரும். ஆனால் வாடகைக்கு வருகிறவன் சுவரைத் தட்டிப் பார்க்கிற நிலைமையிலா வருகிறான்?

ஊரில் ஆட்கள் வந்து இறங்கியபடியே இருந்தார்கள். புதிய தொழிற்பேட்டை திறந்ததிலிருந்து காலையில் வரும் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு பையும் ஒரு பாயுமாக நாலு பேராவது இறங்கி, முதலில் பார்க்கிற ஆளிடம், "இங்க ரூம் எங்கங்க கிடைக்கும்?" என்று கேட்டார்கள். பிரதான சாலையில் வீடுகளுக்கும் பஞ்சமில்லை. பதினாறு மாடியில் கண்ணாடியும் சலவைக்கல்லுமாக ஒன்று எழுந்து நின்றது. அதை வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கவில்லை, விலை ஏறட்டும் என்று வாங்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டிய வீட்டில் பஸ்ஸில் வந்தவன் எங்கே படுப்பான்? அதனால் தடுப்புக்காரனுக்கு ஓய்வில்லை.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் வரிசையாக நான்கு கட்டடங்கள். ஒரே மேஸ்திரி, ஒரே பிளானில் கட்டியது. ஒன்றில் நடந்து பழகிவிட்டால், கண்ணைக் கட்டிவிட்டாலும் நான்கிலும் நடந்துவிடலாம். மாடிக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. முதல் மூன்றையும் ஒருத்தன் வாங்கினான். நேற்றுவரை வீட்டுத் தரகனாக இருந்தவன். விரலில் ஒரு சாவிக்கொத்தை மாட்டிச் சுற்றிக்கொண்டே பேசுவான், அதனால் தெருவில் அவனுக்குப் பெயரே சாவி.

முதல் கட்டடத்தின் ஹாலைக் காட்டி சாவி கேட்டது இரண்டு அறைதான்.

"ரெண்டா?" என்றான் தடுப்புக்காரன். "மூணு போடலாம்."

"ஒரே ஜன்னல்தானே அண்ணே இருக்கு. ஜன்னல் இல்லாத ரூமை எவன் எடுப்பான்?"

தடுப்புக்காரன் சிரித்தான். அவன் கைவசம் ஒரு வித்தை இருந்தது. தடுப்பை ஜன்னலின் நடுச்சட்டத்தில் கொண்டுபோய் முட்டவிட்டால் அறைக்கு ஒரு ஜன்னல் கதவு கிடைக்கும். ஒரு ஜன்னல், இரண்டு அறை. மூன்றாவது அறைத் தடுப்புக்கு மேலே ஓரடி இடம் விட்டு, சமையலறைப் பக்கத்திலிருந்து காற்று வரச் செய்யலாம். படுக்கையறையையும் அப்படியே பிளந்து, பால்கனியை அடைத்தால் வீட்டுக்கு ஆறு. நீலச் சாயநூலைத் தரையில் சுண்டியடித்து, தடுப்பு வரும் கோடுகளைக் காட்டினான்.

சாவி கொத்தைச் சுற்றுவதையே நிறுத்திவிட்டான். "உங்க கழுத்துக்கு மேல இருக்கிறது தலையா, கால்குலேட்டரா?"

அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்துபோய், மூன்று கட்டடத்தையும் ஒரு மழைக்காலத்துக்குள் முடித்துக் கொடுத்தான்.

நான்காவது கட்டடம் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மாவுடையது. அதன் இரண்டாவது மாடியில்தான் அவனுடைய அக்கா பத்தொன்பது வருஷமாகக் குடியிருந்தாள். அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் மூட்டை விரிப்புகளைப் பிரித்தாக வேண்டும். வீட்டிலிருந்து ஏழு நிமிஷ நடை. நர்ஸம்மா வாடகையைப் பெரிதாக ஏற்றியதில்லை, விற்கிற பேச்சையும் எடுத்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் தடுப்புக்காரன் பக்கத்துக் கட்டடங்களை அறுத்துக்கொண்டிருந்தபோது, மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அந்த ஹாலில் காலை நீட்டி ஒரு தூக்கமும் போட்டுவந்தான்.

அவன் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். ஒரு வீட்டில் ஆறு வாடகை வருகிறது என்று தெரிந்துவிட்டால், அந்த வீட்டின் விலையும் ஆறு வாடகைக்கு ஏற்றபடி ஏறிவிடும். பக்கத்தில் அதே பிளானில் நிற்கிற வீட்டின் விலையும் சும்மா இருக்காது. நர்ஸம்மாவின் மகன் வெளியூரிலிருந்து வந்தான், மூன்று கட்டடத்தையும் படியேறிப் பார்த்தான், தாயிடம் இரண்டு நாள் பேசினான். மூன்றாம் நாள் நான்காவதும் சாவி கைக்குப் போய்விட்டது.

அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். போனபோது மாமா கட்டிலில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பதினாறு மாடிக்கு அவர்தான் காவலாளி.

"வா மாப்ள. ரெண்டு மாசத்துல காலி பண்ணணுமாம். எங்க போறதுன்னு கேட்டேன், அது உங்க பாடுன்னுட்டான்."

"நீங்க காவல் காக்கிற இடத்துல கேட்டுப் பாக்கலாமே மாமா? அத்தனை வீடு சும்மாதானே கிடக்கு."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "சும்மாவா கிடக்கு? எல்லாம் வித்துப்போச்சுடா. ஆளுதான் இல்ல. வாரத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு வீடா திறந்து, குழாயைத் திறந்து விட்டு, கக்கூஸுல தண்ணி ஊத்திட்டு வரேன். இல்லேன்னா குழாய் காஞ்சு நாத்தம் வருமாம். எழுபத்தொரு கக்கூஸு மாப்ள! ராஜாவுக்குக்கூட அவ்வளவு இருந்திருக்காது. எனக்கு அவசரம்னா மட்டும் கேட்டுக்கு வெளியே வரணும்."

அக்கா சிரிக்கவில்லை. "கிடைக்கிற வீடெல்லாம் கடைசி பஸ் ஸ்டாப்புக்கு அந்தாண்டதான்டா இருக்கு. அங்கேருந்து முதல் பஸ் இங்க வந்து சேர ஆறரை ஆகும். அஞ்சு மணி ஷிப்டுக்கு நான் பறந்தா வர முடியும்? வேலை போயிடும்."

"இங்கயே ஒரு ரூம் எடுத்தா என்னக்கா?"

"கேட்டுட்டேன். ரூமுக்கு ரெண்டு பேருதானாம். நாங்க மூணு பேரு. ரெண்டு ரூம் எடுத்தா இப்ப முழு வீட்டுக்குக் குடுக்கிற மாதிரி ரெண்டு மடங்கு. அதோட வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு, முன்னப்பின்ன தெரியாத எட்டு பேரோட ஒரு குளியலறைக்கு வரிசையில நிக்கச் சொல்றியா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தாளு உன் பேச்சைக் கேப்பான். இந்தக் கட்டடத்துல தடுப்பு போட முடியாதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுடா. வேலைக்காரன் சொன்னா நம்புவான். போட முடியலேன்னா எங்களை விரட்டி அவனுக்கு என்ன லாபம்? அப்படியே இருந்துட்டுப் போன்னு விட்டுருவான்."

அது நியாயமாகத்தான் பட்டது. பொய் சொல்வதில் தடுப்புக்காரனுக்குப் பெரிய கூச்சமும் கிடையாது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி நாலு நாள் கழித்துப் போகிற தொழில்தானே.

அடுத்த வாரம் சாவி அளவெடுக்கக் கூட்டிவந்தான். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அவள் மகள் கதவைத் திறந்துவிட்டு மூலையில் நின்றாள். தடுப்புக்காரன் டேப்பை வெளியே எடுக்கவேயில்லை. மேலே பார்த்து உதட்டைப் பிதுக்கினான். தரையைக் குதிகாலால் தட்டினான்.

"இது தேறாதுங்க. தளம் வீக்கா இருக்கு. டிரில் போட்டா விரிசல் விடும். கீழ பைப்பு வேற ஓடுது. சட்டம் அடிச்சா கீழ் வீட்டுல ஒழுகும்."

"அப்படியா அண்ணே?"

"அறுத்துக் கட்டி அப்புறம் அவஸ்தைப்படறதைவிட, குடும்பத்துக்கே விட்டுட்டுப் போங்க. நிம்மதியா வாடகை வரும்."

சாவி கொத்தை இரண்டு சுற்றுச் சுற்றினான். பிறகு, "வாங்க, ஒரு நிமிஷம்" என்று தோளில் கை போட்டு அழைத்துப் போனான். இறங்கி, பக்கத்து வாசலில் ஏறி, மூன்றாவது கட்டடத்தின் இரண்டாவது மாடி. அதே ஹால். நைட் ஷிப்ட் முடித்து வந்தவன் ஒருத்தன் ஓர் அறையில் வாயைத் திறந்தபடி தூங்கினான். இன்னோர் அறையில் சட்டைகள் தொங்கின. சாவி தடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். அது அசையவில்லை. லெவல் பார்த்து அடித்த தடுப்பு எப்படி அசையும்?

"இதே மேஸ்திரி. இதே பிளான். இதே மாடி. இங்க தளம் வீக்கா இல்ல. கீழ ஒழுகல. யாரு போட்டது அண்ணே இது?"

தடுப்புக்காரன் தான் அடித்த திருகாணிகளையே பார்த்தான்.

"நானா மூணு கேட்டேன்? ரெண்டுதானே கேட்டேன்." சாவி கோபப்படவே இல்லை, அதுதான் கொடுமை. "ரெண்டுன்னு இருந்திருந்தா, நர்ஸம்மா மகன் கேட்ட விலைக்கு நான் வாங்கியிருக்கவே முடியாது. ஆறு ரூம் கணக்கைக் காட்டித்தான் பேங்க்ல பணம் வாங்கினேன். இப்போ உங்க அக்காவை அப்படியே விட்டா தவணையை யாரு கட்டுவா? எனக்கு அவங்க மேல விரோதமா?"

"எங்க அக்காதான்னு தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும். அதான் வேலையை உங்களுக்கே குடுக்கிறேன். வேணாம்னா சொல்லுங்க, வேற ஆள் இருக்கான்."

இருக்கத்தான் செய்தான். இப்போது ஊரில் பன்னிரண்டு தடுப்புக்காரர்கள். அதில் நாலு பேருக்கு அந்த ஜன்னல் வித்தையைக் கற்றுக்கொடுத்ததே இவன்தான்.

அன்று மாலை அக்காவிடம் சொல்லப் படியேறினான். அவள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நம்பலையா?"

"இல்லக்கா."

"மூணுன்னு முதல்ல சொன்னது நீதான்னு பேசிக்கிறாங்க. நிஜமாடா?"

தலையை ஆட்டினான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"உனக்கு சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்," என்றாள். "ஒருத்தரு பலேன்னு சொல்லிட்டாப் போதும்."

கடைசி பஸ் ஸ்டாப்புக்கு அந்தாண்டை ஒரு வீடு அமைந்தது. சலவைக்கூடத்தில் மத்தியான ஷிப்ட் கேட்டுப் பார்த்தாள். அதற்கு ஏற்கெனவே பதினெட்டுப் பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள், எல்லாம் புதிதாக வந்த பிள்ளைகள். மாசக் கடைசியில் அக்கா சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீடு மாற்றுகிற அன்று தடுப்புக்காரன் வேலைக்குப் போகாமல் வந்து சாமான் தூக்கினான். கட்டில் இறங்கியது, பாத்திர மூட்டைகள் இறங்கின. அக்காவின் மரப் பீரோவை மட்டும் மாமா தொடவில்லை. புது வீட்டு அறை குட்டை. பீரோ அதைவிட அரை அடி உயரம்.

தடுப்புக்காரன் கண்ணாலேயே அளந்தான். பழக்கம், என்ன செய்ய? "நடுவுல அறுத்துக் குடுத்துடறேன்க்கா. ரெண்டு சின்னதா ஆயிடும். அரை நாள் வேலை."

மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா பீரோவின் கதவைச் சாத்தினாள்.

"வேணாம். முழுசா இங்கயே கிடக்கட்டும்."

வண்டி கிளம்பும்போது, அக்கா மகள் மட்டும், "வரேன் மாமா" என்றாள். அக்கா முன்பக்கம் டிரைவர் அருகில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மறுவாரம் அந்த ஹாலில் சாயநூல் அடித்தான். பீரோவை யாரோ வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். சட்டம் நிற்கும் முன்பே சாவி இரண்டு பேரை அறை காட்டக் கூட்டிவந்தான். கல்யாணமாகி நாளாகாத ஜோடி. தரையில் இருந்த நீலக் கோட்டைத் தாண்டாமல் பயந்து பயந்து, கட்டத்துக்குள்ளேயே நின்றார்கள்.

"ஏங்க, இதுல கட்டில் போட்டா கதவு திறக்குமா?" என்று அந்தப் பெண் தடுப்புக்காரனைக் கேட்டாள்.

இந்த இடத்தில் ஒரு குடும்பம் பாய் விரித்து, கால் நீட்டிப் படுத்திருந்தது என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லி என்ன ஆகப் போகிறது? இவர்கள் விரட்டியா அக்கா போனாள்? அவன் குனிந்து கோட்டை அளந்தான்.

"உள்பக்கம் திறக்காதும்மா," என்றான். "வெளிப்பக்கமா வச்சுத் தரேன்."

"ரொம்ப நன்றிண்ணா," என்றாள் அவள், மனதார.

அவன் டிரில்லை எடுத்துத் தளத்தில் வைத்து அழுத்தினான். தளம் நல்ல கெட்டி. மூன்று திருகாணிக்கு ஒரு முறை கையை உதறிக்கொள்ள வேண்டியிருந்தது.