பலகையில் வில்ஃபின் பெயர்

ஸ்கார்டேல் பந்தய மைதானத்தில், மதுக்கூடத்துச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. நான்கு வயதுக் குதிரைகளின் தடைதாண்டும் பந்தயத்தில் இதுவரை வென்றவர்களின் பட்டியல். குதிரை, சொந்தக்காரர், ஜாக்கி, பயிற்சியாளர் என்று தங்க எழுத்தில் பளபளவென்று இருக்கும். லாந்தர், டிங்கர், பட்டன் என்ற மூன்று குதிரைகளுக்கு நேரே பயிற்சியாளர் வில்ஃப் பார்ட்டன் என்று போட்டிருக்கிறது. மூன்றையும் பழக்கியவள் நான்.

அப்பா போனதும் லாயம் என் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் பெண்ணுக்குப் பயிற்சியாளர் உரிமம் கிடையாது. லாயம் நடத்தும் பெண்கள் தலைமைக் குதிரைக்காரன் பெயரில் உரிமம் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் யார்க்‌ஷர் லாயங்களில் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி நடிப்பதுதான் மரியாதை. என் தலைமைக் குதிரைக்காரன் வில்ஃப். அப்பா காலத்து ஆள், என்னைவிட நாலு வயது மூத்தவன். உரிமம் வந்த அன்று விழுந்து விழுந்து சிரித்தான்.

"நான் பேருக்குத்தாம்மா மொதலாளி. சம்பளத்துக்கு உங்க வாசல்லதான வந்து நிக்கணும்!"

நான்கு வயது என்பது குதிரைக்கு முரட்டுத்தனமும் பயமும் சரிபாதியாகக் கலந்த பருவம். மூன்று வயதில் தரையில் கிடக்கும் மரக்கட்டையைத் தாண்ட வைப்பேன். பிறகு முழங்கால் உயரத் தடுப்புத் தட்டி, அதன் பிறகு பந்தயத் தட்டி. பட்டன் மற்றவற்றைவிட மோசம். தட்டியைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு பாய்வான். ஒரு குளிர்காலம் முழுக்கச் சேற்றில், கிழவி என்று நாங்கள் கூப்பிடும் வயதான பெட்டைக் குதிரையையும் கூட்டிக்கொண்டு அவன் கூடவே நடந்தேன். வில்ஃப் வேலியில் சாய்ந்து புகைத்தபடி, "உங்களுக்குப் பைத்தியம்தாம்மா புடிச்சிருக்கு" என்பான்.

மார்ச் மாதம் கொட்டுகிற மழையில் பட்டன் ஜெயித்தான். கடைசித் தட்டியை அவன் கண்ணைத் திறந்துகொண்டே தாண்டினான். கோப்பையை வில்ஃப் வாங்கினான். படம் எடுத்தவர்கள் அந்தப் பக்கம் போனதும் என் கையில் திணித்தான்.

"புடிங்கம்மா, இது உங்களோடது. எனக்குத் தெரியாதா என்ன?"

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாயிருந்தது. முட்டாள் நான்.

அந்தக் கோடையில் பந்தய விதி மாறியது. பெண்களும் உரிமம் கேட்கலாம். ஆனால் அனுபவம் உண்டென்று காட்ட வேண்டும். உரிமம் கொடுக்கும் கமிட்டி லண்டனுக்குக் கூப்பிட்டது. வில்ஃபையும் சாட்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ரயிலில் ஒன்றாகத்தான் போனோம். நான் கட்டிக்கொண்டு வந்த பன்றிக்கறி சாண்ட்விச்சை இருவரும் தின்றோம். அவன் புது டை கட்டியிருந்தான்.

"யாரைப் பாக்க இந்த அலங்காரம்?" என்று கிண்டல் செய்தேன்.

"பெரிய மனுசங்க இருக்குற எடமாச்சே," என்றான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பெரிய மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த வழுக்கைத் தலையர் ஸ்கார்டேல் பந்தயப் பட்டியலை என் முன் திருப்பி வைத்தார்.

"இதுல உங்க பேரே இல்லையே, மேடம்."

"பேர் வில்ஃபோடது சார். குதிரைங்க நான் பழக்கினது. இதோ, அவனே இருக்கான், கேளுங்க."

கேட்டார்கள். வில்ஃப் தொப்பியை மடியில் வைத்து உருட்டினான்.

"அம்மா ரொம்ப நல்லவங்க சார். லாயத்தைச் சுத்தபத்தமா வச்சிப்பாங்க. பசங்களுக்கு நேரத்துக்குச் சோறு போடுவாங்க. குதிரைங்க மேல உசுரையே வச்சிருக்காங்க."

"பயிற்சி?"

"அது என் வேல சார்."

என் காதையே நான் நம்பவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மேஜையைப் பார்த்தான். கத்தினேன், பொய் என்றேன். நான் குரல் உயர்த்த உயர்த்த அந்த மூன்று பேரும் பரிதாபமாகத் தலையசைத்தார்கள். இன்னும் கொஞ்ச காலம் அனுபவம் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அனுபவம்! எனக்கு!

வாசல் படியில் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன்டா?"

"பதினோரு வருசமா ஊர்ல என்னை ட்ரெய்னர்னு கூப்பிடுறாங்கம்மா. எம் பொண்டாட்டிய ட்ரெய்னர் சம்சாரம்ங்கிறாங்க. நாளைக்கே நான் திரும்பச் சாணி அள்ளணுமா? கர்னல் எனக்குன்னு தனியா லாயம் வச்சித் தாரேங்கிறாரு."

கர்னல் ஹாலம்தான் பட்டனின் சொந்தக்காரர். அடுத்த வாரமே வண்டி வந்து பட்டனை ஏற்றிக்கொண்டு போயிற்று. மற்ற சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராக வில்ஃபின் பின்னால் போனார்கள். ஊரார் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் பலகையைப் படித்தவர்கள். இவன் என் கூடச் சேற்றில் நின்றவன். வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

அக்டோபரில் ஒருநாள் காலை தொலைபேசி அடித்தது.

"அம்மா, வில்ஃப் பேசுறேன். வச்சிடாதீங்க. பட்டன் நேத்து தட்டியில மோதி விழுந்துட்டான். மொழங்கால் ரெண்டும் கிழிஞ்சிருக்கு. தட்டியப் பாத்தாலே வெறி புடிச்ச மாதிரி பாயுறான். இன்னொரு தடவ விழுந்தா கால் போயிரும்."

கால் ஒடிந்த குதிரைக்கு எங்கள் பக்கம் துப்பாக்கிதான் வைத்தியம்.

"காயம் ஆறட்டும். அப்புறம் வயசான பெட்டைக் குதிரை ஒண்ணை அவன் பக்கத்துல விட்டு ஓட்டு," என்றேன். "இடது பக்கம். அவ தாண்டுறதைப் பார்த்துத்தான் இவன் தாண்டுவான். என்கிட்ட இருந்தப்ப எல்லாத்தையும் கிழவி கூடத்தான் பழகினான்."

"எங்கிட்ட அப்படி ஒண்ணு இல்லையேம்மா."

கிழவிக்குத்தான் அடிபோடுகிறான் என்று புரிந்தது. நான் கேட்டேன்.

"வில்ஃப், பட்டனைப் பழக்கினது யாரு?"

"நீங்கதாம்மா. இது ஒரு கேள்வியா?"

"அதை லண்டன்ல போய்ச் சொல்றியா?"

அவன் இருமினான்.

"கிழவிய எப்பம்மா அனுப்புவீங்க?"

தொலைபேசியைப் படாரென்று வைத்தேன். மறுநாள் காலை கிழவியை நானே வண்டியில் ஏற்றினேன். பட்டன் எனக்கு எந்தத் துரோகமும் செய்யவில்லை.