விரல் நீளக் குழாய்

“ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடு, பாப்பா,” என்றார் மெக்கானிக் சைலன்சர், திறந்திருந்த பானட்டுக்குப் பின்னாலிருந்து.

எடுத்தாள். எஞ்சின் நாலைந்து தரம் உதறியது. ஸ்டியரிங் அவள் கைக்குள் நடுங்கியது. பிறகு எல்லாம் நின்றுபோயிற்று.

மருத்துவமனையின் பின்பக்கச் சுவரோரம், சலவைத் துணி ஏற்றும் வண்டிகள் வந்துபோகிற இடம் அது. நேற்று சாயந்திரம் இரண்டு காவலாளிகள் காரைத் தள்ளிக்கொண்டு வந்து இங்கே விட்டிருந்தார்கள். இன்று காலை ஏழு மணிக்கே வீட்டுக்கு போன் வந்துவிட்டது. “வழியில நிக்குதும்மா, கொஞ்சம் எடுத்துடுங்க.” கூடத்தில் அப்பா கிடத்தப்பட்டிருந்தார். இரண்டு மணிக்கு எடுப்பதாக இருந்தது.

சைலன்சர் அப்பாவின் சிநேகிதர், முப்பது வருஷ மெக்கானிக். அந்தப் பெயரை வைத்தது அப்பாதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். போன் வந்ததும் யாரும் கேட்காமலே டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பியவர் அவர் ஒருவர்தான்.

“மாமா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க,” என்றாள். “தப்பு என் கால்லயா, வண்டிலயா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “மறுபடி ஸ்டார்ட் பண்ணு. கொஞ்சமா மிதிச்சுப் பிடி,” என்றார்.

பக்கத்து இருக்கையை அவள் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். அதன் கீழே அப்பாவின் செருப்பு ஒன்று கிடந்தது. நேற்று அவரை வண்டியிலிருந்து தூக்கும்போது கழன்று விழுந்தது.

நேற்று நாலு மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்தார். ஆம்புலன்ஸ் வர அரை மணியாகும் என்றார்கள். அவள் சாவியை எடுத்துவிட்டாள். லைசென்ஸ் வாங்கி எட்டு வருஷமாகிறது, ஓட்டியது எட்டு தரம் இருக்காது. பள்ளிக்கூடத் திருப்பத்தில் வண்டி நின்றது. கிளப்பினாள். சிக்னலில் நின்றது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, “காலை எடுக்காத… காலை எடுக்காத…” என்றார். எடுக்காமல் எப்படி பிரேக் போடுவது? இருப்பது ஒரே வலது கால். மருத்துவமனை வாசலில் மூன்றாவது தரம் நின்றபோது அப்பா எதுவும் சொல்லவில்லை.

“பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா?” என்று டாக்டரிடம் கேட்டாள். “அதெல்லாம் சொல்ல முடியாதும்மா,” என்றார் அவர். அப்போதும் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஒரு வார்த்தை பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம்.

அண்ணன் விடியற்காலை ரயிலில் வந்து இறங்கினான். வெளியூரில் லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை. அப்பாவின் முகத்தைப் பார்த்து அழுது முடித்தவன், அத்தனை பேர் முன்னாலும் அவள் பக்கம் திரும்பினான். “ஓட்டத் தெரியலைன்னா எதுக்கு சாவியைத் தொட்ட?” அம்மா தலையைத் தூக்கவில்லை. கூடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் அவளுக்கு அண்ணன் பேச்சைவிட வலித்தது.

சைலன்சர் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எதைக் கழற்றினாலும் எஞ்சின் ஒரே மாதிரி சோர்ந்தது. “பிளக் நாலும் நல்லாருக்கு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் டியூப் எடுத்து, ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை எஞ்சினின் இண்டு இடுக்கெல்லாம் நகர்த்தினார். ஓரிடத்தில் கை நின்றது.

“இங்க வா.”

“காலை எடுத்தா நின்னுடுமே.”

“நிக்காது. நான் பிடிச்சிருக்கேன்.”

எடுத்தாள். நிற்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தாள். விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குழாய். அதன் வளைவில் அவர் கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தார். எஞ்சின் சீராக, ஒரே குரலில் ஓடிக்கொண்டிருந்தது. விரலை எடுத்தார். உஸ்ஸென்று ஒரு சீறல், உடனே உதறல். மறுபடி வைத்தார். அடங்கியது.

“வெடிச்சிருக்கு. இது வழியா திருட்டுக் காத்து உள்ள போகுது. ஓடுறப்ப தெரியாது. சும்மா நில்லுன்னா திணறும்.” அவர் ஒரு நாளில் பேசுவதையெல்லாம் பேசிவிட்டதுபோல மூச்சு வாங்கினார். “உன் கால்ல தப்பில்லை பாப்பா. யார் ஓட்டியிருந்தாலும் நின்னிருக்கும்.”

அவள் அங்கேயே மட்கார்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகை. அப்பா போனதற்காகவா, தான் தப்பித்ததற்காகவா என்று தெரியாமல் அழுதாள். அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

“அப்ப அப்பா மட்டும் எப்படி ஓட்டினார்?”

“கால்விரல் பிரேக்ல, குதிகால் ஆக்சிலேட்டர்ல. ஒரு வருஷமா அப்படித்தான். வெடிப்பு மேல டேப் சுத்தி வச்சிருக்கார் பாரு, சூட்டுல இளகிப் போயிருக்கு.”

“உங்களுக்குத் தெரியுமா இது?”

“தெரியும். வேற எதுவும் இல்லைன்னு பார்த்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். குழாயை மாத்தணும்னு சொல்லி நான்தான் வாங்கிக் குடுத்தேன். போட விடலை.” குரல் தேய்ந்தது. “டேஷ்போர்டுல இருக்கும். எடுத்துட்டு வா.”

பழைய துணி, டார்ச், இன்ஷூரன்ஸ் காகிதங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் உறை. அதன் மேல் ஒட்டிய வெள்ளைத் தாளில் அப்பாவின் எழுத்து. முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தவரின் குண்டு குண்டான எழுத்து. ‘குழாய். பெரியவன் வந்ததும் ரெண்டு பேருமாப் போட.’ கீழே மார்ச் 12. அதை ஒரு கோடு போட்டு அடித்து, ஜூலை 4. அதையும் அடித்து, அக்டோபர் 20. அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. நாலாவதாகத் தேதி இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும்.

மூன்று லீவுகள். மூன்று தரமும் அண்ணன் வருகிறேன் என்று போனில் சொன்னதும், அப்பா காரைக் கழுவி வாசலில் நிறுத்தியதும், கடைசி நாளில் லீவு கிடைக்கவில்லை என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் கேட்டானே, அத்தனை பேர் முன்னால் இதை அவன் கையில் கொடுக்க வேண்டும்.

சைலன்சர் அவள் முகத்தைப் பார்த்தார். உறையை வாங்கிப் பிரித்து, புதுக் குழாயை எடுத்துக்கொண்டு, தாள் ஒட்டிய உறையைத் திருப்பிக் கொடுத்தார். ஐந்து நிமிஷ வேலை. அவ்வளவுதான்.

“நீயே ஓட்டு,” என்றார். முன்கதவைத் திறந்தவர், கீழே செருப்பைப் பார்த்துவிட்டு, மெதுவாக மூடிப் பின்னால் ஏறிக்கொண்டார்.

அதே சிக்னல் சிவப்பில் நிறுத்தியது. அவள் காலை முழுதாக எடுத்து பிரேக்கில் வைத்தாள். எஞ்சின் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தும் கிளம்ப அவளுக்கு மனம் வரவில்லை.

வீட்டு வாசலில் அண்ணன் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். கார்ச் சத்தம் கேட்டதும் கையிலிருந்த நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு வந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“சரியாயிடுச்சா?”

“ம்.”

“என்னவாம்?”

அவள் கை, பைக்குள் அந்த உறையின் மேல் இருந்தது. சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா, அடுத்த வீட்டுக்காரர், காலையில் வாய் மூடியிருந்த எல்லோரும். இதைவிட நல்ல சமயம் வராது.

“அந்தக் குழாயா?” என்று அண்ணன் மெல்லக் கேட்டான். அவளுக்கு மட்டும் கேட்கிற குரல். உதடு கோணியது. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு அம்மா வருவதற்குமுன் அவளைப் பார்ப்பானே, அதே பார்வை.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் கத்தும்போதே தெரிந்திருக்கிறது. அப்பா போனில் எல்லாம் சொல்லியிருப்பார்.

“இல்லண்ணா,” என்றாள். “பிளக்ல அழுக்கு.”

அவன் சைலன்சரைப் பார்த்தான். அவர் டூல்ஸ் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். “பிளக்தான்,” என்றார்.

இரண்டு மணிக்கு அப்பாவை வேனில் ஏற்றினார்கள். அம்மா கூடவே ஏறினாள். காரை நான் எடுக்கிறேன் என்று அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டான். அவள் நேற்று அப்பா சாய்ந்திருந்த பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, செருப்பின் மேல் பட்டுவிடாமல் காலை ஒதுக்கி வைத்துக்கொண்டாள்.

முன்னால் வேன் வளைந்து திரும்புவதற்காகக் காத்திருந்தார்கள். எஞ்சின் தேவையில்லாமல் உறுமியது. கீழே பார்த்தாள். அண்ணனின் கால்விரல்கள் பிரேக்கில் இருந்தன. குதிகால் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டிருந்தது.

“இனிமே நிக்காதுண்ணா,” என்றாள். “காலை எடுக்கலாம்.”

அவன் அவளைப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் குதிகாலை எடுத்தான். உறுமல் அடங்கியது. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் வேன் நகர்ந்து தெருமுனைவரை போய்விட்டது. அவன் இன்னும் கியரைப் போடவில்லை.