கெர்லிண்டேயின் பிளம் மரமும் ஞாயிற்றுக்கிழமை அமைதியும்

1.

இந்தக் கதை வேலி தாண்டி வந்தது. காஸல் நகரத்தில், நிலத்தைத் துண்டு போட்டு வாடகைக்கு விடும் தோட்டச் சங்கத்தில், என் துண்டு நிலத்துக்கு அடுத்தது கெர்லிண்டேயுடையது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஏப்ரல் உறைபனி வெள்ளிப் போர்வையாய்...’ வேண்டாம். உவமை தேடும் நேரத்தில் பத்துப் பூ கருகிவிடும்.

2.

மூன்று வருடம் காய்க்காத மரத்தை வெட்ட வேண்டும் என்பது சங்க விதி. கெர்லிண்டேயின் பிளம் மரம் முதல் வருடம் உறைபனியில் போனது, மறு வருடம் புழுவில். புழுவுக்குப் பொறி தொங்கவிட்டாயிற்று. இது மூன்றாவது வருடம். பூத்த மறுநாளே மறுபடி உறைபனி.

விடிவதற்கு முன்பே மோட்டாரைப் போட்டுப் பூக்களின் மேல் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள். (பைத்தியமில்லை. தண்ணீர் உறையும்போது விடுகிற சூடு பூவைக் காக்கும். ஆனால் வெயில் வந்து பனி உருகுவதற்குள் தெளிப்பது நின்றால், பூ செத்தது.)

3.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சங்க விதிப்படி எந்த மோட்டாரும் முனகக் கூடாத நாள். சங்கத் தலைவர் ஹாஸன்காம்ப் வந்துவிட்டார்.

முதல் வரைவில் இவருக்கு வில்லன் மீசை வைத்திருந்தேன். பிறகு வாசல் பலகையைப் பார்த்தேன்: சங்கத்தின் பெயரைவிட இவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. மீசையை எடுத்துவிட்டேன்.

“கெர்லிண்டே அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?”

“பனிக்கு அது தெரியலையே, தலைவரே.”

“விதிக்குத் தெரியும். நிறுத்துங்க.”

“நிறுத்தினா பூவெல்லாம் போயிடும். அப்புறம் நீங்களே வந்து மரத்த வெட்டச் சொல்வீங்க.”

“அது வேற விதி. ரெண்டையும் சேத்துக் குழப்பாதீங்க.”

அவர் கை மோட்டார் சுவிட்சுக்குப் போனது.

4.

முடிவு ஒன்று: அவர் மனம் இளகி... (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு இரண்டு: நிறுத்திவிட்டார். (இதை எழுத எனக்குக் கை வரவில்லை.)

எழுதியது இதுதான். கெர்லிண்டே பணிவாகக் கேட்டாள்: “தலைவரே, இந்த அமைதி விதி எதுக்கு வந்துச்சு? உங்கள மாதிரி தெரிஞ்சவங்க யாரும் விளக்கிச் சொன்னதில்ல.”

கை சுவிட்சிலிருந்து இறங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டார். “நல்ல கேள்வி. இத மூணு பகுதியா பார்க்கணும்...”

இப்போது இரண்டாம் பகுதியில் இருக்கிறார். மோட்டார் ஓடுகிறது. வெயில் இன்னும் கூரைகளுக்கு அந்தப் பக்கம்தான். எனக்குக் கேள்விகள் தீர்ந்துவிட்டன, அவளுக்கும். நீங்கள் சும்மாதானே நிற்கிறீர்கள்? வேலிக்கருகில் வந்து அவரிடம் ஏதாவது சந்தேகம் கேளுங்கள்.