ஈரத்தோடு மூடிய டப்பா

பிள்ளையின் ஜனாஸாவோடு ஆண்கள் ஒழுங்கை முனை திரும்பக்கூட இல்லை, அதற்குள் ஸஹீதா வாயைத் திறந்துவிட்டாள். பதினொரு நாள் பிள்ளைக்குச் சந்தூக்குப் பெட்டி எதற்கு? தகப்பன் முனாப் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனான்.

"ரத்தத்தில கிருமியாம். பாலெடுக்கிற பம்பால போயிருக்குமாம். கழுவவும் தெரியாதா ஒனக்கு?"

மருமகள் றுமானா சுவரோடு சாய்ந்திருந்தாள். "எடுத்து முடிய ஒவ்வொருக்காவும் அவிச்சுத்தான் வச்ச மாமி."

"அவிச்சாளாம். போன் நோண்டின கையாலதான் அதையும் புடிச்சிருப்பாய்."

பாயிலிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

குறைமாதப் பிள்ளை பதினொரு நாளும் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வயிறு கிழித்த காயத்தோடு றுமானா வீட்டிலே பாலெடுக்க, முனாப் ஐஸ் பெட்டியில் கொண்டுபோவான். றுமானாவின் உம்மா குவைத்தில் உழைத்துச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு அது. உம்மா அங்கிருந்து வர முடியாததால் பிள்ளைப்பேறு பார்க்க ஸஹீதா வந்து நின்றாள். கலியாணத்தோடு பெண்வீட்டுக்குப் போன மகன் நாலு வருசத்துக்குப் பிறகு தன் கைச்சோறு தின்கிறான். பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்தும் நிற்பதென்றுதான் நினைத்திருந்தாள்.

குடும்பநலத் தாதி இராசாத்தி மிஸ்ஸி வந்து றுமானாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தாள். பிறகு பம்பைக் கேட்டாள்.

"பாருங்க மிஸ்ஸி, இவட சீர" என்று ஸஹீதாவே பம்பு இருந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே வியர்த்திருந்தது. பம்புக் குழாயின் மடிப்பில் கறுப்புப் புள்ளிகள்.

"ஏன் இதுக்குள்ள?"

"அவிச்சதக் குசினி ஜன்னல்ல கவுத்து வைக்கிறா. போறவள் வாறவளெல்லாம் பாக்கிறாள். கண்ணூறு பட்டாப் பால் வத்தாதா? நான் ஒடனே எடுத்து மூடிருவன். கேட்டா எடுத்துக் குடுக்கிறதும் நான்தான்."

"காய முதலா?"

ஸஹீதா மூடியைத் திரும்ப டப்பாவில் வைத்து அமுக்கினாள்.

"ஈரத்தோட மூடினா உள்ளுக்க கிருமி பெருகும், அம்மா. இதுதான் எண்டு நான் சொல்லல்ல. டாக்டர் பாக்கட்டும்." மிஸ்ஸி டப்பாவை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போனாள். பாயிலிருந்த பெண்களும் ஒவ்வொருவராக எழும்பினார்கள்.

"நான் நல்லதுக்குத்தானே மகள் செஞ்ச..." என்று ஸஹீதா இழுத்தாள்.

"மகள் எண்டு கூப்பிடாதீங்க." றுமானா காயத்தைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். "இவ்வளவு பேருக்கு முன்னால என்னக் கேட்டீங்க. இப்ப ஒங்கட மகன் வருவாரு. நீங்களே அவருக்கிட்ட சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்லுவன்."

கேற் திறந்தது. முனாப் கால் கழுவி வந்து குசினி வாசலில் குந்தினான். நகத்துக்குள் இன்னும் மண் இருந்தது.

"ஒரு தேத்தண்ணி தாங்க உம்மா." கொஞ்சம் பொறுத்து, "நாப்பது முடியுமட்டும் போயிராதீங்க. ஒங்கள விட்டா எங்களுக்கு ஆரு?" என்றான்.

றுமானா அறை வாசலில் வந்து நின்றாள்.

ஸஹீதா கோப்பையை எடுத்துத் தேயிலைச் சாயத்தை ஊற்றினாள். சீனி போடவில்லை. கரண்டியை விட்டுக் கலக்கத் தொடங்கியவள், கலக்கிக்கொண்டே நின்றாள்.