செங்துவில் யாருக்கும் தெரியாத ஓரிடம்

பாண்டாவைப் பார்க்க வேண்டுமா, விடிந்ததும் கிளம்புங்கள். வெயில் ஏறினால் அது தூங்கிவிடும். இந்த ஒரு வரியைப் பெங் ரூயிங் எத்தனை விதமாக எழுதியிருக்கிறாளோ, அவளுக்கே தெரியாது. சீனாவின் செங்து நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கைப்பேசியில் பயணக் குறிப்பு வழங்கும் நிறுவனத்தில் அவளுக்கு அதுதான் வேலை. எழுதும்போதெல்லாம் அந்தக் கரடியின்மேல் பொறாமைதான் வந்தது. காலையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, பார்க்க வந்த கூட்டத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்கிறது. அதை யாரும் ஏனென்று கேட்பதில்லை.

ரூயிங்குக்கு வீட்டில் தூக்கம் கிடையாது. வீட்டுக்குக் கீழேயே, கொதிக்கும் குழம்பில் கறியை முக்கித் தின்கிற ஹாட்பாட் கடை. ராத்திரி முழுக்க விரல் காட்டிப் பந்தயம் கட்டி, தோற்றவன் குடிப்பான், ஜெயித்தவன் கத்துவான். மதியத்தில் கண்ணயரலாம் என்றால், அலுவலகத்தில் இயக்குநர் ஹௌ இருந்தார். ஊரில் மற்ற அலுவலகங்களிலெல்லாம் சாப்பிட்ட கையோடு மடக்குக் கட்டிலை விரித்து, திரையை இழுத்துவிட்டுச் சாய்ந்துவிடுவார்கள். ஹௌ பதவிக்கு வந்ததும் கட்டில்களை மூட்டைகட்டச் சொன்னார். "உலகம் விழித்திருக்கும்போது வழிகாட்டி தூங்கலாமா?" என்று தூரிகையால் தானே எழுதி, சட்டம் போட்டு, தன் அறையிலேயே மாட்டிக்கொண்டார். மதியவேளை இனிக் களப்பணிக்கு என்று உத்தரவாயிற்று. எல்லோரும் வெளியே போய்ப் புதுப் புது இடங்களைத் தேட வேண்டும்.

ரூயிங் ஒரே ஓர் இடத்தைத்தான் தேடிப் போனாள். காய்கறிச் சந்தைக்குப் பின்னால், வாய்க்கால் சுவரை ஒட்டித் தாங் அக்காவின் டீக்கடை. மல்லிகை டீ, கிழவர்களின் மாஜோங் ஆட்டம், காது சுத்தம் செய்கிறவர் கிணுகிணுவென்று தட்டிக்கொண்டு போகும் இடுக்கி. சுவரோரமாக, கால் ஒன்றில் கம்பி சுற்றிய மூங்கில் நாற்காலி அவளுடையது. எழுந்து போகும்போது டீக்கிண்ணத்து மூடியின்மேல் ஏதாவது ஒரு பொருளை வைத்துவிட்டுப் போனால் இடம் நமக்கு. அக்கா வேறு யாரையும் உட்கார விடமாட்டாள். ரூயிங் தன் கொண்டை ஊசியை வைப்பாள். அந்த நாற்காலியில் கிடைக்கிற கொஞ்ச நேரத் தூக்கம்தான் அவளை மாலைவரை நிற்க வைத்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஹௌ மேசையைத் தட்டினார்.

"அதே பாண்டா, அதே பழைய சந்து, அதே ஹாட்பாட்! படிக்கிறவன் கொட்டாவி விடுறான். எனக்கு யாருக்குமே தெரியாத ஒரு இடம் வேணும். அதைக் கோடிப் பேருக்குச் சொல்லணும்."

"சொன்னப்புறம் அது எப்படிங்கய்யா யாருக்கும் தெரியாத இடமா இருக்கும்?" என்றான் புகைப்படக்காரன் லுவோ.

"அதுக்குள்ள அடுத்ததைக் கண்டுபிடிச்சிடுவோம்யா." ஹௌவின் பார்வை மேசையைச் சுற்றிவந்து ரூயிங்மேல் நின்றது. "ஆமா, தினம் மதியம் நீங்க எங்க போறீங்க? ஒரு போட்டோகூட அனுப்புறதில்ல. கன்னத்துல என்ன அது, கூடை பின்னின மாதிரி அச்சு?"

ரூயிங் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். பொய் சொல்லக்கூட அசதியாக இருந்தது.

"சந்தைக்குப் பின்னால ஒரு டீக்கடைங்கய்யா. ஒண்ணுமே இல்ல. ஒரே அழுக்கு."

"அழுக்கா! அப்போ அசல்!"

"கழிப்பறைக்கு ரோட்டைத் தாண்டிப் போகணும்."

"ஆகா, வாழ்க்கை!"

"கடைக்காரம்மா வாய் சரியில்லைங்கய்யா."

"மண்ணின் குரல்!" என்றார் ஹௌ, எழுந்தேவிட்டார். "லுவோ, கேமராவ எடு."

வழியெல்லாம் ரூயிங் பின்தங்கியே நடந்தாள். நாளைக்கு வரிசை நிற்கும். பட்டுச்சட்டையை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு, குடிக்காத டீயைக் கையில் ஏந்திப் பெண்கள் படம் பிடிப்பார்கள். பிறகு அவள் எங்கே போய்க் கண்ணை மூடுவாள்?

"என்ன தங்கச்சி, ஊர்வலத்தோட வந்திருக்க?" என்றாள் தாங் அக்கா. "யாரு செத்தது?"

ஹௌ அதைக் காதில் வாங்காமல், கம்பி சுற்றிய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மற்றதெல்லாம் கிழவர்கள் வசம். ரூயிங் சுவரோரம் நின்றாள். டீ வந்தது. ஹௌ கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கைப்பேசியில் குரலைப் பதிவு செய்தார்.

"இங்கே காலம் தன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு..."

"போட்டுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. போன வாரம்தான் இங்க ஒரு ஜோடி காணாமப் போச்சு," என்றாள் அக்கா.

"...இளைப்பாறுகிறது. பயணியே, நீயும்..."

பயணி என்ன செய்ய வேண்டும் என்பது கடைசிவரை தெரியவில்லை. இயக்குநரின் தலை சாய்ந்தது. வாய் திறந்தது. மாஜோங் ஆடிய கிழவர் ஒருவர் குறட்டை வந்த திசையைத் திரும்பிப் பார்த்து, மரியாதையாகத் தலையசைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

"எழுப்பவா?" என்றாள் அக்கா.

"எங்களுக்கு வேலை வேணாமா?" என்றான் லுவோ.

அவருக்கு வந்த போன்களுக்கெல்லாம், இயக்குநர் களத்தில் இருக்கிறார் என்று ரூயிங் பதில் சொன்னாள். தன் தூக்கத்தை இன்னொருவர் தூங்குவதை நின்றுகொண்டு பார்ப்பது எப்படிப்பட்ட அலுப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெயில் எதிர்ச்சுவருக்குப் போன பிறகு ஹௌ விழித்தார். கன்னத்தில் கூடை பின்னின அச்சு. கடைவாயைத் துடைத்துக்கொண்டார்.

"சிந்திச்சுக்கிட்டிருந்தேன்."

"தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு," என்றாள் அக்கா.

ஹௌ கொஞ்ச நேரம் மேலே தெரிந்த மரக்கிளைகளைப் பார்த்தார். முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் இருந்தது. பிறகு பதவி திரும்பி வந்தது. "இந்த இடத்தைப் போட வேணாம். படமும் வேணாம், லுவோ. இது இன்னும் பக்குவப்படல. ஆழமான ஆய்வு தேவைப்படுது."

அன்று வீடு போன பிறகும் ரூயிங் சந்தோஷமாக இருந்தாள். ஹாட்பாட் கடைச் சத்தம்கூட அவ்வளவு உறுத்தவில்லை.

மறுநாள் மதியம் போனாள். அவள் நாற்காலிக்கு முன்னால் மூடிய கிண்ணம். மூடியின்மேல் இயக்குநர் ஹௌவின் தங்கமுலாம் பேனா. பக்கத்தில் துணை இயக்குநரின் கார் சாவி, அதற்கடுத்துக் கணக்குத் துறைத் தலைவரின் மூக்குக் கண்ணாடி. பெரியவர் சாய்கிற இடத்தில் கீழே உள்ளவர்கள் நிமிர்ந்து நிற்க முடியுமா? கிழவர்கள் தங்கள் மாஜோங் மேசையை வாய்க்கால் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"காலையிலேயே வந்து வச்சுட்டாங்க," என்றாள் தாங் அக்கா, கெண்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. "தினமும் ஆய்வாம். என்னை அப்படிப் பார்க்காதே, தங்கச்சி. மூடி மேல பொருள் இருந்தா நான் யாரையும் உட்கார விடமாட்டேன். உனக்கும் அப்படித்தானே இத்தனை நாள் காத்து வச்சேன்?"

ரூயிங் திரும்பி நடந்தாள். எதிரே, களப்பணிக்கென்று ஹௌவும் பரிவாரமும் வந்துகொண்டிருந்தார்கள். நடையில் அவசரம் தெரிந்தது. அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. மேலே இருப்பவர்கள் ஆய்வில், கீழே இருப்பவர்கள் உத்தரவுப்படி ஊர் சுற்றலில். இயக்குநரின் அறை பூட்டப்படவில்லை. உள்ளே ஏசி யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது. விருந்தினர் வந்தால் உட்காரப் பெரிய கறுப்புத் தோல் சோபா. விருந்தினர் யாரும் வந்ததில்லை.

ரூயிங் சற்று நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

சோபா குளிர்ந்து கிடந்தது. மல்லிகை வாசனை இல்லை, இடுக்கிச் சத்தம் இல்லை, பேச்சுத்துணைக்கு அக்காவும் இல்லை. நேர் எதிரே, உலகம் விழித்திருக்கும்போது வழிகாட்டி தூங்கலாமா என்று சட்டத்துக்குள்ளிருந்து கேட்டது சுவர். அவள் முதுகைக் காட்டிப் படுத்தாள். ஏதோ நினைவுக்கு வந்து மறுபடி எழுந்து, மேசைமேல் மூடியிருந்த இயக்குநரின் டீக்குவளை மூடிமீது தன் கொண்டை ஊசியை எடுத்து வைத்துவிட்டு வந்தாள்.

தோல் சோபா கன்னத்தில் எந்த அச்சையும் பதிக்காது. அது ஒன்றுதான் வசதி.